சுக்குப் பூனையின் எடை

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் ஏழு வீட்டு வளவுக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: கோயிலுக்குப் போய்விட்டு வந்து குழம்பு இறக்கிக்கொண்டிருந்த ஜெபக்கனி, லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் துரைப்பழம், துரைப்பழத்தின் முதல் தாரத்துப் பிள்ளை ஹெப்சி, வயது பதினொன்று, முதல் வீட்டு டெய்லர் ஆபிரகாம் அண்ணாச்சி, அவர் மனைவி கனகபாய், கடைசி வீட்டில் இருக்கும் உப்பளத்துக் கங்காணி முத்துவேல், காலையில் விற்று மிஞ்சிய சாளை மீனோடு வந்து வளவு வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்த சந்தனமேரி. ஆக ஏழு பேர். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அந்த நாலு கதவும் பூட்டிக் கிடந்தன. இவர்களைத் தவிர, நீலச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றுச்சுவர் மேல் படுத்திருந்த சுக்கு என்கிற பூனை. சந்தனமேரியைக் கேட்டால் எட்டு பேர் என்பாள்.

பூனை வளர்ந்த பூனைதான். தலை, வால், வயிறு, மீசை எல்லாம் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தன. எடை மட்டும் அறுநூற்று அறுபது கிராம். சட்டையோடு சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோ அறுநூற்று அறுபது, ஏனென்றால் சட்டையின் நாலு பைகளிலும் கால் கால் கிலோ கல்லுப்பு இருந்தது.

எடை இந்தக் கணக்குக்கு வந்து சேர இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆகியிருந்தன.

ஜெபக்கனி இரண்டாம் தாரமாக அந்த வளவுக்குள் கால் வைத்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் பதினாலு வருஷமாக எடை பார்க்கிற வேலை. ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் ஐந்து கிராம் குறைந்தாலும் சொல்லிவிடுவாள்; அவள் சொன்ன பிறகுதான் தராசும் சொல்லும். தாலி கட்டி வந்த அன்றைக்கு, மணப்பெண் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்த பூனையை அவள் இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிட்டாள். மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது என்று கை தானாகச் சொன்னது. அடுத்த நிமிஷம் தும்மத் தொடங்கினாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தொண்ணூற்றாறு தும்மல். கனகபாய் எண்ணினாள். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, நெஞ்சுக்குள் பால் குக்கர் மாதிரி விசில் அடித்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத் துரைப்பழம் சொன்னான்: "பூனைய சாத்தான்குளத்துல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருதேன். மனுசியா பூனையான்னு வந்தா மனுசிதான்."

ஹெப்சிக்கு அப்போது எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. அவள் அம்மா ரத்தினபாய் சாகிறதுக்கு ஆறு மாதம் முந்தி, உப்புக் கிட்டங்கியில் கிடந்த குட்டியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வளர்த்த பூனை அது. ஹெப்சி சித்தியோடு பேசுவதில்லை. பேச வேண்டியது இருந்தால் பூனையிடம் சொல்லுவாள். "சுக்கு, சித்திகிட்ட சொல்லு, எனக்கு இட்லி போதும்னு." "சுக்கு, நோட்டு வாங்கணும்னு சொல்லு." அன்றைக்கும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்: "நீ சாத்தான்குளம் போனா நானும் வந்துருவேன். நாம ரெண்டு பேரும் அங்கயே இருந்துக்கிடலாம்."

ஜெபக்கனி அடுப்படியிலிருந்து கேட்டாள். பூனை போனால் பிள்ளை போகும், பிள்ளை போனால் இந்த வீட்டில் தான் இருப்பதற்கு ஒரு பொருளும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வாரம் வியாழக்கிழமை லீவு போட்டுப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

அலர்ஜி டாக்டரம்மா அவள் முன்கையில் இருபத்திரண்டு சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். இருபத்தொன்று சும்மா இருக்க, பூனைச் சொட்டு வைத்த இடம் மட்டும் எட்டணா அகலத்துக்குத் தடித்தது.

"பூனைய வெளிய அனுப்புறது நல்லது" என்றார் டாக்டர்.

"அது ஆகாதும்மா."

"அப்ப ஒரு வழிதான். உடம்புக்கு எது ஆகலையோ அதையே துளித்துளியா ஊசியில ஏத்தி, இது எதிரி இல்லன்னு பழக்கணும். மொத இருபத்தெட்டு ஊசி வாரம் ஒண்ணு. அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு, மூணு வருஷம். நடுவுல விடக் கூடாது. ஊசி போட்டா அரை மணி நேரம் இந்த பெஞ்சுலேயே உக்காரணும். மூச்சு முட்டுனா உடனே சொல்லணும்."

கையில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதில் அறுபத்து நாலு கட்டம். ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து, கையில் வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்த பிறகு நர்ஸ் விமலா ஒரு கட்டத்தில் சரி போடுவாள்.

மூன்றாவது ஊசிக்கு மறுநாள், அரிசிப் பானை மூடிமேல் தூங்கிய பூனையை ஜெபக்கனி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். கை நூற்று எண்பது குறைகிறது என்றது. கை பொய் சொன்னதில்லை. சந்தனமேரி வந்ததும் பூனையைத் தராசில் வைக்கச் சொன்னாள்.

"மீன் தராசுல பூனைய வச்சா மீன் வாங்குத சனம் என்ன நினைக்கும்?" என்றாள் சந்தனமேரி. சொல்லிக்கொண்டே வைத்தாள். மூன்று கிலோ அறுநூற்று அறுபது. அடுத்த வாரம் நாலாவது ஊசி. மூன்று கிலோ அறுநூறு. ஊசி மருந்தின் அளவு வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டு போனாலும், பூனையில் குறைவது அறுபதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஜெபக்கனி உப்பு பாக்கெட் லேபிளின் முதுகில் கணக்குப் போட்டாள். அறுபத்து நாலு ஊசி, ஊசிக்கு அறுபது கிராம். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. மீதி சைபர். அந்தத் தாளை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, அடுப்பில் போட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. வளவில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பூனைக்கு எடை குறைகிற செய்தி வளவுக்குப் பரவியதே தவிர, அதற்காக ஒருவரும் வேலையை விட்டு ஓடி வரவில்லை. எடை என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம், கூடும், குறையும். துரைப்பழம் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கக் கேட்டதற்கு, பத்து கிலோவுக்குக் கீழே அது லாரியையே மதிக்காது என்றார்களாம். "கல்யாணத்துக்குப் பொறவு எனக்கும்தான் பன்னெண்டு கிலோ குறைஞ்சது, எவன் தூக்கிப் பாத்தான்?" என்றான் முத்துவேல். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்க விளைவுகளில் இது போடவில்லை, ஆனால் காயாமொழிப் பக்கம் ஒருத்தருக்கு நாய் அலர்ஜிக்கு ஊசி போடப்போட நாய் குரைப்பது கேட்காமல் போயிற்று என்று சொல்லி, அட்டையின் ஓரத்தில் பேனாவால் கோடு இழுத்துப் 'பூனை எடை' என்று ஒரு பத்தி சேர்த்துக் கொடுத்தார். பாஸ்டர் வீடு சந்திக்க வந்தபோது விஷயத்தைக் கேட்டு, ஜெபக் குறிப்பில் காலொடிந்த ஒரு வாத்தியாருக்கும் வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் 'சுக்கு, எடை கூட' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது ஊசிக்குப் பள்ளிக்கூடம் லீவு. துரைப்பழம் சொன்னதால் ஹெப்சியும் கூட வந்து பெஞ்சின் அந்த நுனியில் உட்கார்ந்திருந்தாள். பதினோராவது நிமிஷத்தில் ஜெபக்கனிக்கு உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிக்கிற மாதிரி இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. பெஞ்சில் கையால் தட்டினாள். விமலா ஓடிவந்து தொடையில் வேறு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, மூச்சு திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹெப்சி சுவரோடு ஒட்டி நின்று அவ்வளவையும் பார்த்தாள்.  அதற்கு அடுத்த வியாழக்கிழமையிலிருந்து, ஜெபக்கனி பஸ் இறங்கி வரும்போது மேசைமேல் ஒரு தம்ளர் சுடுதண்ணீர் மூடி போட்டு இருக்கும். 

இருபத்தெட்டு வார ஊசியும் முடிந்தபோது தும்மல் ஒரு நாளைக்கு நாற்பத்தொன்று, பூனை இரண்டு கிலோ நூற்று அறுபது. பிறகு மாதம் ஒரு ஊசி. பஸ்ஸில் போகும் ஒவ்வொரு தடவையும் ஜெபக்கனி மனசுக்குள் இரண்டு தட்டையும் ஏற்றி இறக்கினாள். இந்த மாதம் நிறுத்தினால் பூனை இவ்வளவு இருக்கும், மூச்சு இவ்வளவுதான் இருக்கும். அது போதாது, மூச்சு முட்டினால் துரைப்பழம் பூனையை அனுப்பிவிடுவான். இன்னும் ஒன்று போடலாம். அடுத்த மாதமும் இதே கணக்கு. இன்னும் ஒன்று. போடுகிற ஒவ்வொரு ஊசியும் பிள்ளையின் மடியிலிருந்து அறுபது கிராமைத் திருடி எடுப்பதுபோல இருந்தது, போடாத ஒவ்வொரு நாளும் பிள்ளையையே இழப்பதுபோல இருந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் சோறு இறங்காமல் கிடந்தும் அவள் எடை மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. கல்யாணத்தன்று ஐம்பத்திரண்டு கிலோ, இப்போது ஐம்பத்தைந்து.

"புதுத் தாலி ஊட்டம்" என்றாள் கனகபாய். "எனக்கு இருபத்தாறு வருசமா ஊறிக்கிட்டே இருக்கு."

இரண்டு கிலோவுக்குக் கீழே வந்த பிறகு பூனை துணிக்கொடிமேல் நடந்தது, கொடி தாழவில்லை. ஒன்றரைக்குக் கீழே வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குக் குறுக்கே நடந்து போயிற்று, பாதம் மட்டும் நனைந்தது. வளவு தன் நடப்பை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது. பூனை உள்ளே வந்தால் ஃபேனை நிறுத்துவது. கதவை வேகமாகச் சாத்தாமல் இருப்பது. பக்கத்தில் தும்ம வேண்டி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது. ஆபிரகாம் அண்ணாச்சி பூனை இருக்கும் திசைக்கு சீட்டித் துணியை உதறுவதை விட்டுவிட்டார். சந்தனமேரி அதற்குப் போடும் மீனைக் குறைக்க மறுத்தாள். "எடைக்குத் தகுந்த மாதிரி சாப்பாடுன்னா கனகபாய்க்கு நான் கடலையே கொண்டாந்து இறக்கணும்" என்றாள்.

நாற்பதாவது ஊசிக்குப் பிறகு ஜெபக்கனியின் நெஞ்சில் விசில் நின்றது. அந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்தது. தாழ்வாக, விடாமல், தறி ஓடுவதுபோல. படுத்தால் கூடுதலாகக் கேட்கும். டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டு, கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டு, "இது இழுப்பு இல்ல. இது வேற. இது நல்ல சத்தம்தான்" என்றார். ஜெபக்கனி அதையும் யாரிடமும் சொல்லாமல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஐம்பதாவது ஊசி ஆடி மாதம். பூனை எண்ணூற்று நாற்பது. மேற்கேயிருந்து கச்சான் காற்று உப்பளத்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பூனை சுவரிலிருந்து புறப்பட்டு, வளவுக்குக் குறுக்கே மிதந்து, எதிர்ச்சுவரில் முகம் இடித்து நின்றது. அன்றைக்கு வளவே கூடி யோசித்தது. ஆபிரகாம் அண்ணாச்சி சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார், பள்ளிக்கூட நீலத் துணி மிச்சம் இருந்தது. கனத்துக்கு என்ன வைப்பது? துரைப்பழம் இரும்பு நட்டு என்றான். துரு பிடிக்கும் என்றாள் கனகபாய். கூழாங்கல் குத்தும் என்றாள் சந்தனமேரி.

"நம்ம ஊர்ல கனத்துக்கு என்னத்தத் தேடுதிய?" என்றான் முத்துவேல். "உப்பு இருக்கு. மெத்துன்னு இருக்கும், பூச்சி அண்டாது. நாலு பையிலயும் கால் கிலோ."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஜெபக்கனியே அளந்து போட்டு, பையின் வாயைத் தைத்தாள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பூனை தரையில் நின்றது, சுவரில் நின்றது. வாடைக்கால வானம் கறுத்தால் முதல் வேலையாக உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடுவதே பிழைப்பாக உள்ள ஊர் அது. அந்த ஊரில் ஒருத்தருக்குக்கூட, பூனையின் முதுகில் இருப்பதும் உப்புத்தான் என்று தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டேகாலுக்கு மழை இறங்கியது. வருஷத்தின் முதல் மழை. முத்துவேல் உப்பளத்துக்குப் போன் போட்டு ஓலை ஓலை என்று கத்திக்கொண்டிருந்தான். கனகபாய் துணி எடுத்தாள். சந்தனமேரி கூடைக்குப் பாலிதீன் மூடினாள். சுவர்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது, நீலச் சட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு தண்ணீர் சுவரில் வழிந்தது.

ஹெப்சிதான் முதலில் பார்த்தாள். "அப்பா, சுக்கு" என்றாள். அதற்குள் பூனை எழுந்து சோம்பல் முறித்தது, முறித்த கால் திரும்பச் சுவரில் படவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பூனை தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போயிற்று, கொடிக்கம்பிக்கு மேலே போயிற்று, டிஷ் ஆன்டெனாவில் ஒரு கணம் நகம் மாட்டி நின்று, விட்டுவிட்டு அதற்கும் மேலே போயிற்று.

துரைப்பழம் ஏணியைத் தேடி ஓடினான். முத்துவேல் போனை வைக்காமலே கையை மேலே நீட்டினான். சந்தனமேரி இரண்டு சாளையை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இந்தா பாரு, இந்தா பாரு, கோவிச்சுக்கிட்டுப் போவாத" என்று கெஞ்சினாள். ஆபிரகாம் அண்ணாச்சி, "தையல் நல்லாத்தான் போட்டேன், தையல் விடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹெப்சி அழவில்லை. வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றாள், மழை வாய்க்குள் விழுந்தது.

ஜெபக்கனி கரண்டியோடு வெளியே வந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.  இரண்டு வருஷம் ஏழு மாதமாக எந்த நாளுக்குப் பயந்தாளோ அந்த நாள் பதினோரு மாதம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள். நடு வளவில் போய் நின்றாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. அப்போது அவள் நெஞ்சில் அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு பக்கத்தில் நின்ற கனகபாய்க்குக் கேட்டது. பிறகு தகரக் கூரைமேல் விழும் மழையையும் மீறி வளவு முழுக்கக் கேட்டது, வயிறு நிறைந்த பூனை மடியில் படுத்துக்கொண்டு போடுகிற சத்தம்.

மேலே பூனை காதைத் திருப்பியது. காற்று ஒரு பக்கம் தள்ள, அது நாலு காலாலும் இன்னொரு பக்கம் துழாவியது. ஆன்டெனா வரைக்கும் இறங்கியது, கம்பி வரைக்கும் இறங்கியது, போன வழியே திரும்பி, தன் எடை எங்கே இருக்கிறதோ அங்கே வந்து, ஜெபக்கனியின் நெஞ்சில் பதினெட்டு நகத்தையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டது. நனைந்த முகத்தை அவள் கழுத்தில் வைத்துத் தேய்த்தது.

ஜெபக்கனி மூன்று தடவை தும்மினாள். பிறகு பூனையைக் கையில் ஏந்தி, ஈரத்தைக் கழித்துக் கணக்குப் பார்த்தாள். அறுநூற்று அறுபது. குறையவில்லை.

ஹெப்சி கிட்டே வந்தாள். பூனையைத் தொடாமல், சித்தியின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள்.

"மிச்சம் எல்லாம் இங்கதான் இருக்கு" என்றாள். அதைப் பூனையிடம் சொல்லவில்லை.

ஜெபக்கனி ஈரப் பூனையை முந்தானையால் மூடினாள். "ஹெப்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். எல்லா ஊசியும் முடிஞ்சா சுக்கு..."

"சைபர்" என்றாள் ஹெப்சி. "அறுபத்து நாலு அறுபது மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பது. நாலாம் வகுப்புலேயே போட்டுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நீங்களா நிறுத்துவியளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு மாசமும் பாத்தேன்." பிள்ளை சேலை நுனியைப் பிடித்துப் பிழிந்தது. "பொறவு, நிறுத்துனா அன்னைக்கி பெஞ்சுல ஆன மாதிரி ஆயிருமோன்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

ஏணியோடு வந்த துரைப்பழம் அதை எங்கே சாத்துவது என்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். ஜெபக்கனி கையை நீட்டாமல் அட்டையை மட்டும் நீட்டினாள்.

"இப்ப நிறுத்துனா திரும்ப வர வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எப்ப வரும், எவ்வளவு வரும்னு நான் சொல்ல முடியாது."

"வந்தா வரட்டும்மா. பழகுனதுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் இப்ப?"

"மூணு" என்றாள் ஹெப்சி. "இனிமே நான்தான் எண்ணப் போறேன். இழுப்பு வந்தா மறுபடி கூட்டிட்டு வாரேன்."

டாக்டரம்மா அவசரத்துக்கு உறிஞ்சுகிற பம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். ஆபிரகாம் அண்ணாச்சி புதுச்சட்டை தைத்தார், இந்தத் தடவை பையில் ஆற்று மணல். மழை வலுத்த கார்த்திகையில் தும்மல் ஐந்தாயிற்று, ஒரு நாள் ஏழு. அந்த நாளில் ஜெபக்கனி பம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள், ஹெப்சி பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதியபடி நெஞ்சுச் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். விசிலா, மற்றதா என்று. மார்கழியில் திரும்ப மூன்று. சனிக்கிழமைதோறும் சந்தனமேரி பூனையைச் சட்டை கழற்றித் தராசில் வைப்பாள், அறுநூற்று அறுபது காட்டும், ஹெப்சி அதை எழுதுவாள்.

எழுதுகிற மஞ்சள் அட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. சரி போட்ட கட்டம் ஐம்பத்து மூன்று. மீதி பதினொன்று.